குதிரைக்குப் போட்ட ஊசி

மேய்ச்சல் முகாம், பிக்ஹார்ன் மலை
ஜூன் 14, 2016

தங்கச்சி ட்வைலாவுக்கு,

நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு லாடப் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். நானும் சொல்லிக்கொள்ளாமல் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலையேறிவிட்டேன். இங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. உப்புக்கட்டி கொண்டுவருகிற லட்லோவின் லாரிதான் நமக்குத் தபால் வண்டி. சண்டையைத் தொடர வேண்டுமானால் எழுதித்தான் தொடர வேண்டும்.

சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போட்ட அன்று, கயிற்றைச் சேணத்தின் முன்பக்கக் கொம்பில் சுற்றும்போது மாடு இழுத்த இழுப்பில் உன் வலது தோள் கிழிந்தது. எலும்பு டாக்டர் அறுத்துத் தைக்கலாம் என்றார். நீ மாட்டேன் என்றாய். அறுக்கவும் மாட்டேன், ஊசியும் போட்டுக்கொள்ள மாட்டேன், ஆனால் லாடமும் அடிப்பேன், கயிறும் வீசுவேன் என்றால் அது என்ன கணக்கு?

நம் பெண்குதிரை பிஸ்கெட்டை நினைத்துப் பார். முன்னங்கால் தசைநாண் வீங்கி, மூன்று காலில் நின்றாள். ஊரே அவளைச் சுட்டுவிடச் சொன்னது. கால்நடை டாக்டர் ஹோபர்ட் அவளுடைய ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றிச் சாரத்தைப் பிரித்து, கிழிந்த இடத்தில் ஊசியாக ஏற்றினார். இன்றைக்கு அவள் முதுகில் உட்கார்ந்துதான் நீ கயிறு வீசுகிறாய். குதிரைக்குச் சரியானது உனக்குச் சரியாகாதா? அவளைவிட நீ என்ன உசத்தி?

கயிறு வீசும் போட்டிகளில் நான் மாட்டின் கொம்புக்கு வீச, நீ பின்னங்கால்களுக்கு வீச, "ஸ்கார் அண்ணன் தங்கை!" என்று நம் குடும்பப் பெயரைச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்களே, அது நின்றுபோக வேண்டாம். எனக்கு வேறு ஜோடி சரிப்படாது. போய் ஊசியைப் போட்டுக்கொள்.

அண்ணன் ஆரின்


வீடு
ஜூன் 26

அண்ணா,

நீ மலைமேல் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுவது கீழே நன்றாகவே கேட்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, கோபத்தோடு கோபமாக ஊசி விஷயத்தை விசாரிக்கவும் போனேன். நெடுஞ்சாலை விடுதியில் ஒரு கூட்டம். மூட்டு வலிக்காரர்களுக்கெல்லாம் கோழி வறுவல் இலவசம். கைத்தடி ஊன்றியவர்களும் இடுப்பைப் பிடித்தவர்களுமாக மண்டபம் நிறைந்திருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் திரையில் படம் காட்டினான். அவன் டாக்டர் இல்லை என்பது பாதிக் கோழிக்குப் பிறகுதான் தெரிந்தது. முட்டி, இடுப்பு, தோள், முதுகு, எல்லாவற்றிலும் ஊசி போட்டால் தேய்ந்தது புதுசாக வளருமாம்.

நம் பக்கத்துப் பண்ணை டெல்மர் கிழவர் எழுந்தார். "எல்லாத்துக்கும் ஒரே ஊசியா தம்பி?"

"ஆமாங்கய்யா, ஒரே ஊசிதான்."

"அப்ப வெளிய என் டிராக்டர் நிக்குது, அதுக்கும் ஒண்ணு குத்திரு. காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

மண்டபமே சிரித்தது. சிரித்துவிட்டு, ஊசிக்குப் பெயர் கொடுக்கிற வரிசையில் போய் நின்றது. நானும் நின்றேன், அண்ணா. பேனாவைக் கையில் வாங்கினேன். கையெழுத்துப் போட வலது கையை மேசைமேல் தூக்க முடியவில்லை. இடது கையால் அதைத் தூக்கி வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. லாடம் அடிக்கிற கை இது.

அப்போதுதான் உறைத்தது. என் தோளை அந்த ஆள் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. நொண்டிக் குதிரையை விற்கிறவன்கூட, வாங்குகிறவனைக் காலைத் தூக்கிப் பார்க்க விடுவான். பேனாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது சொல், இதைத்தான் போட்டுக்கொள்ளச் சொன்னாயா?

ட்வைலா


முகாம்
ஜூலை 6

ட்வைலாவுக்கு,

கோழிக்கு ஆசைப்பட்டுப் போனாயா, கழுதை! நான் சொன்னது ஊசியை. சந்தையை இல்லை.

பில்லிங்ஸில் டாக்டர் மெலிங் என்று ஒரு அம்மா இருக்கிறாள். ஹோபர்ட் தன் முழங்கைக்கு அவளிடம்தான் போனார். ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே, கிழிந்த இடத்துக்கே ஊசியைக் கொண்டுபோவாளாம். அவளிடம் போ. பிஸ்கெட் கதையை முழுசாகச் சொல். குதிரைக்குச் செய்ததையே செய்யச் சொல்.

இங்கே புல் நன்றாக இருக்கிறது. ஓநாய் தொல்லை இல்லை. ராத்திரி குளிருக்கு அடுப்பை அணைப்பதில்லை.

ஆங், ஒரு விஷயம். முழங்காலுக்கும் அந்த ஊசி கேட்குமா என்று அப்படியே விசாரித்து வை. லட்லோ கேட்கச் சொன்னான். பாவம், அவன் முட்டி படுத்துகிறதாம்.

ஆரின்


வீடு
ஜூலை 20

அண்ணாவுக்கு,

போய் வந்தேன். நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி.

அந்த அம்மா முதலில் என் தோளைத் தொட்டாள். தூக்கச் சொன்னாள், திருப்பச் சொன்னாள், சுத்தியலை எப்படிப் பிடிப்பேன் என்று காட்டச் சொன்னாள். பிறகு ஸ்கேனில் பார்த்தாள். தசைநாண் முழுசாக அறுந்துபோகவில்லை, பாதிதான் கிழிந்திருக்கிறது. முழுசாக அறுந்திருந்தால் அறுவை டாக்டரிடமே அனுப்பியிருப்பாளாம். பாதி என்பதால் ஊசியை முயற்சி செய்து பார்க்கலாம் என்றாள்.

"கண்டிப்பா சரியாயிருமா?" என்று கேட்டேன்.

"சிலருக்கு நல்லா கேக்குது, சிலருக்கு ஒண்ணுமே ஆகல. நீங்க எந்தப் பக்கம்னு முன்கூட்டியே சொல்ல எனக்குத் தெரியாதும்மா. தெரியும்னு சொல்றவங்க பொய் சொல்றாங்க."

தெரியாது என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டது இதுதான் எனக்கு முதல் தடவை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

பிறகு நீ சொன்னபடி பிஸ்கெட் கதையைப் பெருமையாக எடுத்துவிட்டேன். ஊசி போட்டார்கள், குதிரை பிழைத்தது என்று முடித்தேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஊசி போட்டப்புறம் குதிரையை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. எங்க அண்ணன் நடக்க வெச்சாரு."

"எவ்வளவு நாள்?"

நான் யோசித்தேன், அண்ணா. அந்தக் குளிர்காலம் முழுக்க நீ அவளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாய். முதலில் வேலி வரைக்கும், பிறகு ஓடை வரைக்கும், பனி கொட்டும்போதும் காலையும் சாயங்காலமும். ஒரு நாள்கூட அவளை ஓடவிட்டதில்லை. அவள் துள்ளினால் திட்டுவாய். வசந்தம் வந்தும் சேணம் போட விடவில்லை. நாங்கள் எல்லாரும் கேலி பண்ணினோம், "ஆரினுக்குக் காதலி கிடைச்சுட்டா"ன்னு. மதுக்கடையில் மட்டும் எல்லாரும் ஊசியைத்தான் புகழ்ந்தோம். நீயும் சேர்ந்துதான் புகழ்ந்தாய்.

"அப்ப உங்க அண்ணன் மாதிரி ஒரு ஆளு உங்க தோளுக்கும் வேணும்"னு அந்த அம்மா சொன்னாள். ஊசி ஒரு தொடக்கம்தானாம். அதற்குப் பிறகு தோளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். லாட வேலைக்கு ஆள் வைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வரைக்கும் கயிற்றைத் தொடக்கூடாது. ஊசிக்கு முன்னும் பின்னும் நாம் மிட்டாய் மாதிரி விழுங்குகிற, வீக்கத்தைக் குறைக்கிற மாத்திரை கூடவே கூடாது. ஊசியால் வருகிற வீக்கம்தான் கிழிந்ததை ஆற்றுமாம்.

சம்மதம் என்று சொல்லிவிட்டேன். இந்த வருஷப் போட்டிகள் எனக்கு இல்லை. உன் மேல் இவ்வளவு மரியாதை எனக்கு வந்ததில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அடுத்த கடிதத்தில் கோபம் வந்துவிடலாம்.

லட்லோவிடம் சொல்: குருத்தெலும்பு கொஞ்சமாவது மிச்சமிருந்தால் வலி குறைய வாய்ப்பு உண்டாம். எலும்போடு எலும்பு உரசுகிற முட்டிக்கு அவள் போடவே மாட்டாளாம். தேய்ந்துபோனதை ஊசி வளர்த்துத் தராதாம்.

ட்வைலா


முகாம்
ஆகஸ்ட் 3

ட்வைலாவுக்கு,

குதிரை நடக்க வேண்டுமானால் யாராவது கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட நடக்கத்தானே வேண்டும். இதில் புகழ என்ன இருக்கிறது? அந்த டாக்டரம்மாவுக்கு வேறு வேலை இல்லை.

ஊசி போட்டாயிற்றா? வலித்ததா? எழுது. இந்த வருஷம் போனால் போகட்டும். காஸ்பர் ஊர்ப் போட்டியில் லிண்ட்க்விஸ்ட் வீட்டுப் பையனோடு சேர்ந்து வீசச் சொன்னார்கள், முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டேன்.

முழங்கால் விஷயத்தில் அந்த அம்மா அவசரப்படுகிறாள் என்று நினைக்கிறேன். லட்லோவின் முட்டியைப் பார்க்காமலே எப்படிச் சொல்லலாம்? அந்தக் கோழிக் கூட்டத்துக்காரன் ஏதாவது காகிதம் கொடுத்திருப்பான். தூக்கிப் போடாமல் இருந்தால் லட்லோவிடம் கொடுத்துவிடு. அவனுக்கு வேண்டுமாம்.

ஆரின்


வீடு
ஆகஸ்ட் 15

அண்ணா,

லட்லோ நேற்று உன் கடிதத்தோடு வந்தான். நான் பரிதாபப்பட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "முட்டி எப்படி இருக்கு லட்லோ? உக்காரு, உக்காரு."

"என் முட்டிக்கென்ன, மான் மாதிரி இருக்கேன்" என்றான்.

நான் முழித்தேன். அவனும் முழித்தான். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "சொல்லக்கூடாதுதான். உங்க அண்ணன் இப்பல்லாம் வலது பக்கமா குதிரை ஏறுறாரு."

நீ வலது பக்கமாக! நடை பழகியதிலிருந்து இடது பக்கம் ஏறுகிறவன் நீ. வலது பக்கமாக ஏறுகிற சுற்றுலாக்காரர்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாயே. இடது காலை அங்கவடியில் வைத்து உடம்பைத் தூக்க முடியவில்லை என்றால், அந்த முட்டி எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மரக்கட்டைமேல் நின்று ஏறுகிறாயாம். ஒரு நாள் குதிரை மிரண்டு உன்னைத் தள்ளியும் விட்டதாம்.

என் தோளை வைத்து உன் முட்டிக்கு வெள்ளோட்டம் பார்த்தாயா? எனக்குப் பலித்தால் நீயும் போவாய், டாக்டரம்மா மாட்டேன் என்றால் கோழிக்காரனிடம் போவாய், அப்படித்தானே? வந்த கோபத்தில் பட்டறைச் சுத்தியலை எடுத்து எறியப் பார்த்தேன். எறியக்கூடாது என்று ஞாபகம் வந்து, கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

எனக்கு ஊசி போட்டாயிற்று. வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் தோளுக்குள் கொள்ளி வைத்த மாதிரி இருந்தது. மாத்திரையைத் தொடவில்லை. இப்போது காபிக் குவளையைத் தூக்குகிறேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அந்தக் காகிதம் அடுப்பில் எரிந்துவிட்டது. செப்டம்பரில் நான் மேலே வந்து மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன். நிதானமாகச் சவாரி செய்யலாம், கயிறு மட்டும்தான் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். நீ இறங்கு. உன் முட்டியை உண்மையாகத் தொட்டுப் பார்க்கிற ஒருத்தரிடம் காட்டு.

உன் தங்கை


முகாம்
ஆகஸ்ட் 24

ட்வைலா,

லட்லோவுக்கு இனி இங்கே காபி கிடையாது.

எழுதிவிடுகிறேன். வசந்தத்திலேயே படம் எடுத்தார்கள். எலும்போடு எலும்பு. முட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள். உன் தோள் கிழிந்ததற்கு முந்தின வாரம் அது. உன்னிடம் சொல்ல நினைத்திருந்தேன். அதற்குள் நீ அடிபட்டாய். ஒரே வீட்டில் இரண்டு நொண்டி வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு வலியைப் பற்றிப் பயம் இல்லை. கிளைட் ஹன்னாவை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முட்டி மாற்றினான். நன்றாக நடக்கிறான், கடைக்குப் போகிறான், வருகிறான். குதிரை மட்டும் ஏறவில்லை. வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு அடுத்தவன் வீசுவதைப் பார்க்கிறான். நான் அந்த வேலிக்குத்தான் பயந்தேன். ஊசி என்றால் நாளைக்கே சேணத்தில் உட்காரலாம் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. குதிரைக்குக் கேட்டதே, உனக்குக் கேட்கும்போல இருக்கிறதே, எனக்கு மட்டும் ஏன் கேட்காது என்று.

நீ எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். உனக்கு ஊசி போட்ட அதே டாக்டர்தான் என் மாதிரி முட்டிக்குப் போட மாட்டேன் என்கிறாள். விற்க வந்தவள் இப்படிச் சொல்ல மாட்டாள். அதனால் அவள் சொல்வதைக் கேட்டு, முட்டியையே மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

வா. ஆனால் சேணத்தை இடது கையால் தூக்கிப் போட முடிந்தால்தான் வர வேண்டும்.

ஆரின்


முகாம்
செப்டம்பர் 21

அண்ணா,

ஆஸ்பத்திரியில் யாரோ ரத்து செய்ததால் உன் முறை முன்னால் வந்துவிட்டது என்று லட்லோ சொன்னான். முட்டி மாற்றுகிற ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றும் சொன்னான். உன் கட்டிலில்தான் படுத்து எழுதுகிறேன். இவ்வளவு பீன்ஸ் டப்பாவை ஒருத்தனால் எப்படித் தின்ன முடியும்? சேணம் இடது கையால் ஏறிவிட்டது, குதிரை மட்டும் முறைத்தது.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். வடக்குச் சரிவில் ஒரு கன்றுக்குக் குளம்பு அழுகல். காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. மருந்து ஏற்றாவிட்டால் பிழைக்காது. அது நின்ற இடம் திறந்த புல்வெளி, மடக்கிப் பிடிக்க வேலி கிடையாது. நான் பிஸ்கெட் மேல் இருந்தேன். கயிறு சேணத்தில் இருந்தது. கை தானாகக் கயிற்றுக்குப் போனது, வீசுவதற்குச் சுருக்கு வளையத்தைக்கூட விரித்துவிட்டேன். தோளும் வலிக்கவில்லை, அதுதான் விஷயம். வீசினால் பிடித்திருப்பேன். பார்க்க யாரும் இல்லை.

டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது: "வலி போன நாள்தான் ஆபத்து. அன்னைக்குத்தான் எல்லாரும் கெடுத்துக்குவாங்க."

கயிற்றைச் சுருட்டி மாட்டிவிட்டேன். இறங்கி, முகாம் நாயைக் கூப்பிட்டு, அந்தக் கன்றையும் தாயையும் நடை நடையாக ஓட்டிக்கொண்டு போனேன். நொண்டிக் கன்று, எங்கே வேகமாக வரும்? ரெண்டு நிமிஷ வேலைக்குப் பொழுதே சாய்ந்துவிட்டது. ஓடையில் ஒரு தடவை தாய் என்னை முட்ட வந்தது. பட்டியில் அடைத்து, கதவோடு நெருக்கி, இடது கையால் ஊசி போட்டேன். இன்றைக்குக் கன்று மேய்கிறது.

என் தோள் முழுசாகச் சரியாகுமா என்று இன்னும் தெரியாது. டிசம்பரில் ஸ்கேன் பார்ப்பாள். கயிறு வீச வரலாம், வராமலும் போகலாம். நீ அங்கே ஒழுங்காக முட்டியை மடக்கி நீட்டுகிறாயா, இல்லை நர்ஸுகளிடம் வாயடிக்கிறாயா?

ட்வைலா


பில்லிங்ஸ்
அக்டோபர் 2

அன்புத் தங்கச்சி ட்வைலாவுக்கு,

வாயடித்துக்கொண்டுதான் இருந்தேன். இங்கே பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். முட்டியை இன்னும் மடக்கு, இன்னும் மடக்கு என்பாள். நேற்று வரைக்கும் அவளிடம், "போதும்மா, நடக்க வந்தாச்சு, விட்டுரு" என்று சொல்லி ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவளும் பாவம், பெரியவர் என்று விட்டுக்கொடுத்தாள். குதிரை ஏறும் அளவுக்கு மடங்குமா என்று கேட்டால் அறுவை டாக்டர் சிரிக்கிறார். சிலர் ஏறுகிறார்கள், சிலர் ஏறுவதில்லை, பயிற்சியைப் பொறுத்தது என்கிறார். இவரும் உன் டாக்டரம்மாவின் ஜாதிதான்.

உன் கடிதம் மத்தியானம் வந்தது. கன்று விஷயத்தைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரர், "வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து நீ வீசிப் பிடித்ததையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஷெரிடனில் மழையில் ஒரு காளையின் இரண்டு பின்னங்காலையும் ஒரே வீச்சில் பிடித்தாயே, மைதானமே எழுந்து நின்றது. நான் மட்டும், "கொஞ்சம் லேட்டு" என்றேன். ஒன்றுக்கும் நான் வாய் திறந்து உன்னைப் பாராட்டியதில்லை. நம் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. நீ வீசாமல் சுருட்டி மாட்டிய இந்தக் கயிற்றுக்குச் சொல்கிறேன். என்னால் அது முடிந்திருக்காது, ட்வைலா. நான் வீசியிருப்பேன். உன்னை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

நாம் மறுபடி ஒரே மாட்டுக்குக் கயிறு வீசுவோமா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாமலே உன் பங்கை நீ செய்துவிட்டாய்.

அந்தப் பயிற்சிப் பெண் கதவைத் தட்டுகிறாள். இன்றைக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். மீதியை அப்புறம் எழுதலாம் என்று பார்த்தேன், ஆனால் இதை முடித்துத் தபாலில் சேர்த்துவிட்டால்தான் கை காலியாகும். கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள், நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் இதை எழுதுகிறேன். வலிக்கிறது, தங்கச்சி. மடக்கிக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணன்
ஆரின்